ஓடு கிடைக்காத நேரத்தில் கூரையை எதனால் மூடுவது?

2018 நவம்பர் 16 அன்று பொழுது விடிவதற்குள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து உள்ளே வந்துவிட்டது. பேராவூரணிக்கு அருகில் இருக்கும் எங்கள் வீட்டின் கூரைமேல் இரண்டு தென்னைகள் விழுந்து கிடந்தன. மரம் விழுந்த இடத்தில் ஓடு நொறுங்கியதில் வியப்பில்லை. ஆனால் மரமே விழாத தெற்குப் பக்கத்திலும் இறவாணத்து (கூரையின் தாழ்ந்த ஓரத்து) ஓடுகள் வரிசை வரிசையாகப் பறந்துபோய்க் கொல்லையில் கிடந்தன. சித்தப்பா கையில் குச்சியை வைத்துக்கொண்டு சுட்டிச் சுட்டி எண்ணினார். ஏறத்தாழ 600 ஓடு போயிருந்தது. வீட்டுக் கூரை மொத்தம் 1,400 சதுர அடி. 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 150 சீமை ஓடு பிடிக்கும். அப்படியானால் 2,100 ஓட்டில் 600 ஓடு இல்லை, வானம் தெரிகிறது, கார்த்திகை மாத மழை இன்னும் பாக்கி இருக்கிறது.

நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என நான்கு மாவட்டங்களின் கூரைகள் ஒரே இரவில் பறந்தால் எந்தக் கடையில்தான் சரக்கு இருக்கும்? பட்டுக்கோட்டையில் விசாரித்தபோது ஓடு என்று கேட்டதற்கே சிரித்தார்கள். தார்ப்பாய் கேட்ட விலைக்குப் போனது. சிமெண்ட் அட்டை லாரியிலிருந்து இறங்கும்போதே விற்றுத் தீர்ந்தது. வந்தவர்கள் எல்லாரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: "எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு அட்டை போட்டுவிடுங்கள், தொல்லை விட்டது."

இந்த யோசனையை ஏற்காததற்குச் சித்தப்பாவின் பிடிவாதம் பாதிக் காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தது மீதிக் காரணம். புயலால் வந்த தட்டுப்பாடு ஆறு மாதத்தில் தீரும். அந்த ஆறு மாதத்து அவசரத்தில் பிரித்து விற்ற, ஓட்டைத் தாங்குகிற கைமரமும் உத்திரமும் திரும்பி வரப்போவதில்லை. ஆகவே எந்தப் பொருள் மலிவு, எது நாளைக்கே கிடைக்கும் என்று பார்ப்பதற்கு முன்னால், எதைப் போட்டால் பிறகு மனம் மாறினாலும் பழைய கூரைக்குத் திரும்ப முடியும் என்று பார்த்தோம். கீழே வரும் ஒப்பீடு அந்தக் கண்ணோடு எழுதப்பட்டது. கூரை முழுவதும் போய்விட்டவர்களுக்கும் மரம் உளுத்துப்போனவர்களுக்கும் விடை வேறாக இருக்கலாம்.

முதலில் ஓட்டைப் பற்றிக் கொஞ்சம். நாம் சீமை ஓடு என்று சொல்வது மங்களூர் ஓடு. 1860களில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ ஊழிய அமைப்பினர் நேத்திராவதி ஆற்றங்கரைக் களிமண்ணை வைத்து மங்களூரில் தொடங்கிய தொழில் அது. பிறகு கோழிக்கோடு, பெரோக் என்று மலபார் முழுவதும் பரவியது. ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் பள்ளத்தில் கவ்விக்கொள்ளும்படி அச்சில் அழுத்திச் செய்வதுதான் அதன் சிறப்பு. நாட்டு ஓட்டைப்போல ஆண்டுதோறும் பிரித்து மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கவ்வல்தான் தட்டுப்பாட்டுக் காலத்தில் நமக்கு எதிரியாகவும் வருகிறது. இந்தியத் தர நிர்ணயத்திலேயே இந்த ஓட்டுக்கு மூன்று அளவுகள் இருக்கின்றன: 410க்கு 235 மில்லிமீட்டர், 420க்கு 250, 425க்கு 260. ஒன்று மற்றொன்றோடு சேராது. ஒரே அளவாக இருந்தாலும் இரண்டு தொழிற்சாலைகளின் அச்சு வேறு என்றால் பள்ளமும் மேடும் அரை விரற்கடை தள்ளி நிற்கும். தள்ளி நிற்கிற அந்த இடைவெளி வழியாகத்தான் மழை உள்ளே வரும். "ஓடுதானே, ஏதாவது ஒன்றை வாங்கிச் சொருகினால் போதும்" என்பது ஓட்டு வீட்டில் குடியிருக்காதவர்களின் பேச்சு.

புயல் வராவிட்டாலும் இந்த ஓட்டுக்குத் தட்டுப்பாடு உண்டு. கேரளத்தில் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008இல் வந்த பிறகு வயல் களிமண் கிடைப்பது குறைந்தது. விறகுச் செலவும் கூலியும் ஏறின. புது வீடுகள் எல்லாம் கான்கிரீட் ஆயின. பெரோக்கிலும் திருச்சூர்ப் பக்கத்திலும் பல சூளைகள் அணைந்துவிட்டன. உங்கள் வீட்டு ஓட்டின் அடியில் எந்த முத்திரை இருக்கிறதோ, அந்தத் தொழிற்சாலை இன்று இல்லாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே புயலோ மரமோ குரங்கோ, எந்தக் காரணத்தால் ஓடு உடைந்தாலும் இதே கேள்வி வரும்.

பழைய ஓடு, அதாவது இடித்த வீட்டிலிருந்து வருகிற ஓடு, எல்லாருடைய மனத்திலும் முதலில் வருவது. அதே அச்சு அகப்பட்டால் இதற்கு இணை எதுவும் இல்லை; நிறமும் ஒத்துப்போகும். காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டுச் சாமான் விற்கிற இடங்களிலும் கட்டடம் இடிப்பவர்களிடமும் கிடைக்கும். ஆனால் போட்டி அதிகம். ரிசார்ட்காரர்களும் பண்ணை வீட்டுக்காரர்களும் அழகுக்காக வாங்குகிறார்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறையில் கான்கிரீட் தளத்துக்குள் ஓட்டை வைத்து நிரப்புகிறவர்களும் வாங்குகிறார்கள். கூரைமேல் இருக்கவேண்டிய ஓடு கான்கிரீட்டுக்குள் நிரந்தரமாக அடங்கிப்போவதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. நல்ல முறைதான், மறுக்கவில்லை.

வாங்கப் போகும்போது உங்கள் வீட்டு முழு ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். படத்தைக் காட்டி வாங்கினால் வீட்டுக்கு வந்து வருந்த வேண்டியிருக்கும். மூன்று ஓட்டைச் சேர்த்து வைத்துக் கவ்வுகிறதா என்று பார்க்க வேண்டும். விரல் முட்டியால் தட்டினால் நன்றாக வெந்த ஓடு கணீர் என்று ஒலிக்கும். மந்தமான ஒலி வந்தால் விரிசல் இருக்கிறது, அல்லது வேகவில்லை. இன்னொரு சோதனை நேரம் எடுக்கும், ஆனால் ஏமாற்றாது. காய்ந்த ஓட்டை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போட வேண்டும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் அந்த ஓடு வேண்டாம். தர நிர்ணயமும் ஏறக்குறைய அந்த வரம்பைத்தான் வைத்திருக்கிறது. அடிப்பக்கத்தில் ரீப்பரில் (கைமரத்தின்மேல் குறுக்கே அடிக்கிற மெல்லிய மரச்சட்டத்தில்) மாட்டுகிற காது உடையாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். காது போன ஓடு பார்வைக்கு முழுசாக இருக்கும், கூரையில் நிற்காது.

எங்கள் அளவில் பழைய ஓடு கிடைக்கவில்லை. கிடைத்தது 420 அளவு, எங்களுடையது 410. விற்றவர் "ஒட்டிக்கொள்ளும், போடுங்கள்" என்றார். ஒட்டவில்லை.

புது ஓடு இன்னும் ஒழியவில்லை. மானாமதுரையில் செய்கிறார்கள், கர்நாடகத்தில் செய்கிறார்கள், கேரளத்திலும் மிஞ்சியிருக்கிற சூளைகள் உண்டு. புயல் முடிந்த மாதத்தில் கேட்டால் கிடைக்காது. மழைக்காலத்தில் சுடாத பச்சை ஓடு காய்வதே அரிது. தை பிறந்த பிறகு கேட்டால் கிடைக்கும். ஓட்டுவிலையைவிட லாரி வாடகையும் வழியில் உடைவதும் கணக்கை மாற்றிவிடும் என்பதால் தேவைக்குமேல் நூற்றுக்குப் பத்து சேர்த்துச் சொல்லுங்கள். அளவு வேறாக இருந்தால் அந்தச் சரிவில் இருக்கிற ரீப்பர்களை எல்லாம் பிடுங்கி, புது ஓட்டின் நீளத்துக்கேற்ப இடைவெளி மாற்றி அடிக்க வேண்டும். மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் 60 முதல் 75 மில்லிமீட்டர் வரை ஏறி நிற்க வேண்டும். ஆசாரிக்கு இரண்டு நாள் கூலி கூடுதல். இதை விலையோடு சேர்க்காமல் "புது ஓடு மலிவு" என்று சொல்பவர்களை நம்பவேண்டாம்.

இனி சிமெண்ட் அட்டை. பேச்சில் ஆஸ்பெஸ்டாஸ் என்கிறோம். இதற்குச் சாதகமாகச் சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலிவு, சீக்கிரம் வரும், இரண்டே நாளில் வீடு மூடப்படும், துருப்பிடிக்காது. கையில் பணமில்லாமல் குழந்தைகளோடு நனைந்துகொண்டிருந்தவர்கள் இதைப் போட்டதில் குற்றம் காண எனக்கு வாயில்லை. ஆனால் ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளையும் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. பல நாடுகள் தடை செய்துவிட்டன. இந்தியாவில் வெளியிலிருந்து வரவழைத்து அட்டை செய்வது இன்றும் தடையில்லாத தொழில்.

சும்மா கிடக்கிற முழு அட்டையைவிட, அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடையும்போதும் எழுகிற தூள்தான் ஆபத்து. கஜாவுக்குப் பிறகு எங்கள் தெருவில் அப்படி உடைந்த துண்டுகள் வாரக்கணக்கில் கிடந்தன. பிள்ளைகள் அவற்றைத் தரையில் தேய்த்துக் கோடு போட்டு விளையாடினார்கள். அதைப் பார்த்த அன்றைக்கே எங்கள் வீட்டில் இந்த வழி அடைபட்டது. ஏற்கெனவே அட்டை வீட்டில் இருப்பவர்கள் உடைந்ததை அகற்றும்போது முதலில் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். உடைக்காமல் எடுக்க வேண்டும், துடைப்பத்தால் உலர்ந்த தூளைக் கூட்டக் கூடாது, அறுக்கிற கிரைண்டரை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இப்போது ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத நார் சிமெண்ட் அட்டைகளும் விற்பனைக்கு வருகின்றன. வேறு வழியில்லை என்றால் கேட்டு அதை வாங்கலாம்.

தகரம், அதாவது இப்போதைய வண்ணப் பூச்சு இரும்புத் தகடு, கொஞ்சம் நின்று பேசவேண்டிய பொருள். தட்டுப்பாட்டுக் காலத்தில் இதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் கடைக்குத் திரும்பி வரும். அரை மில்லிமீட்டர் கனமுள்ள தகடு 100 சதுர அடிக்கு 50 கிலோகூட இருக்காது. சீமை ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ என்று வைத்தால் அதே பரப்புக்கு 375 கிலோ. "பாரம் குறைகிறது, சுவருக்கு நல்லது" என்று விற்பவர் சொல்வார். புயல் பகுதியில் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிற காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 57 கிலோ எடைக்குச் சமம். 100 சதுர அடிக்குக் கணக்கிட்டால் 500 கிலோவைத் தாண்டும். காற்று கூரையைத் தாண்டிப் போகும்போது அதை அழுத்துவதைவிட மேலே உறிஞ்சி இழுப்பதுதான் அதிகம். கூரையின் நடுப்பகுதியில் இந்த அழுத்தத்தில் பாதிபோல இழுக்கும். இறவாணத்திலும் முகட்டிலும் முழுவதுமாகவோ அதற்கு மேலேயோ இழுக்கும். எங்கள் தெற்குப் பக்கத்தில் நடந்தது இதுதான். நடுவில் இருந்த ஓடுகளைத் தம் 375 கிலோ பாரம் காப்பாற்றியது, ஓரத்து ஓடுகளுக்கு அது போதவில்லை. அந்தக் காலத்துக் கூரையின் மரச்சட்டம் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்துவைத்திருப்பது ஓட்டின் பாரம்தான். அந்தப் பாரத்தை எடுத்துவிட்டு 50 கிலோ தகட்டைப் போட்டு, தகட்டை மட்டும் திருகாணியால் இறுக்கினால், அடுத்த புயலில் தகடு சட்டத்தையும் சேர்த்துக் கிளப்பிக்கொண்டு போகும். ஆகவே தகடு போடுகிறவர்கள் கைமரத்தை உத்திரத்தோடும், உத்திரத்தைச் சுவரோடும் இரும்புப் பட்டையாலும் போல்ட்டாலும் கட்ட வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தபின் தகட்டின் மலிவு அவ்வளவு மலிவாகத் தெரியாது.

மற்றவை எல்லாருக்கும் தெரிந்தவை. சித்திரை வெயிலில் கீழே உட்கார முடியாது. மழையில் பேசுவது கேட்காது. கடற்கரைக்கு அருகில் உப்புக்காற்று திருகாணித் துளையிலிருந்து துருவைத் தொடங்கும். ஓடு இடுக்குகளின் வழியே சூட்டை வெளியேற விடும், தகடு விடாது. மனிதர் தூங்கும் இடத்துக்கு வேண்டாம். மாட்டுக் கொட்டகைக்கும் விறகுக் கொட்டகைக்கும் தாராளமாகப் போடலாம். (மாடு புகார் சொல்லாது என்பதற்காகச் சொல்லவில்லை. பக்கம் திறந்த கொட்டகையில் காற்று ஓடும்.)

கான்கிரீட் ஓட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 100 சதுர அடிக்கு 400 கிலோவைத் தாண்டுகிற பாரம், வேறு அளவு ரீப்பர், வேறு விதமான கவ்வல். புது வீட்டுக்குப் பொருந்தும். பழைய கூரையின் ஓட்டையை அடைக்க உதவாது. ஓடு போலவே நெளித்து வண்ணம் அடித்த தகடும் வருகிறது. தெருவிலிருந்து பார்த்தால் ஓடு, உள்ளேயிருந்து பார்த்தால் தகரம்.

அடுத்து, கடையில் விற்காத வழி: காத்திருப்பது. காத்திருக்கத் தார்ப்பாயும் கீற்றும் வேண்டும். தார்ப்பாயை உடைந்த இடத்தின்மேல் மட்டும் விரித்துச் செங்கல் வைத்தால் முதல் காற்றில் செங்கல் கூடத்துக்குள் விழும். முகட்டைத் தாண்டி மறுபக்கச் சரிவில் ஒரு முழமாவது தொங்கும்படி போட்டு, ஓரங்களை ரீப்பர் துண்டில் சுருட்டி ஆணி அடிக்க வேண்டும். கீற்றுக்கு அந்தச் சமயத்தில் எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. விழுந்த தென்னைகளின் மட்டைகள் வீதியெல்லாம் கிடந்தன, பெண்கள் உட்கார்ந்து முடைந்து தள்ளினார்கள். மரம் போனதால் கிடைத்த கீற்று அது. அடுத்த ஆண்டு கிடைக்காது என்று முடைந்தவர்களுக்கே தெரியும். சமையலறைக்குமேல் மட்டும் கீற்று வைக்கவில்லை, நெருப்புக்குப் பயந்து.

கீற்றும் தார்ப்பாயும் இருந்ததால் கார்த்திகையில் முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. அதன்பிறகுதான் சித்தப்பா வேறொரு யோசனையைச் சொன்னார். 600 ஓட்டை வெளியில் ஏன் தேடுகிறோம், வீட்டிலேயே இருக்கிறதே என்றார். மாட்டுக் கொட்டகையும் வீடு கட்டும்போதே வேய்ந்தது. அதே முத்திரை, அதே அச்சு. 260 சதுர அடிக் கூரை. பத்திரமாகப் பிரித்ததில் 350 நல்ல ஓடு தேறியது. கொல்லைப்பக்கச் சமையலறைச் சரிவிலிருந்து இன்னும் 250. அந்த 600 ஓட்டையும் கூடத்துக்கும் தெற்குப் பக்கத்துக்கும் கொண்டுவந்தோம். கவ்வலில் மயிரிழை வேறுபாடு இல்லை. கொட்டகைக்குத் தகடு போட்டோம். அதன் காலுக்குப் போல்ட் வைத்துக் கட்டினோம். சமையலறைச் சரிவு மட்டும் பங்குனி வரைக்கும் தார்ப்பாயில் நின்றது. பிறகு மானாமதுரையிலிருந்து 280 புது ஓடு வந்தது. அளவு வேறுதான். ஆனால் அந்த ஒரு சரிவு முழுவதும் புது ஓடாகவே இருந்ததால் ரீப்பரை மாற்றி அடித்ததோடு வேலை முடிந்தது. கலப்பு ஓட்டை ஒரே சரிவில் போடாதீர்கள். சரிவுக்குச் சரிவு வேறாக இருக்கலாம். முகடு மட்டும் பொதுவானது. முகட்டோட்டைக் காரையில் பதிக்கும்போது இரண்டு பக்கத்து உயர வேறுபாட்டையும் அதிலேயே சரிக்கட்டிவிட முடிகிறது. இரண்டு சரிவுகள் பள்ளமாகச் சந்திக்கிற கூடுவாய் இருக்கிற வீடுகளில் இந்த இணைப்பு கடினம். அங்கே தகரத் தகட்டை அகலமாக வைத்துத்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

செலவைக் கேட்பீர்கள். முழு வீட்டுக்கும் அட்டை போடுவதற்குச் சொன்ன தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஆனது. கூலிதான் அதில் பெரும்பங்கு. ஓட்டைப் பிரிக்கத் தெரிந்த ஆள் இருந்தால்தான் இந்த வழி. தெரியாதவர் கையில் பத்துக்கு மூன்று உடையும். எங்கள் ஓடு மாற்றுபவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. அவருக்குப் பிறகு யார் என்று கேட்டபோது, மகன் திருப்பூரில் இருப்பதாகச் சொன்னார்.

ஒரு வேலையை மட்டும் முதலிலேயே செய்திருக்கலாம் என்று இப்போதும் நினைப்பதுண்டு. சீமை ஓட்டின் அடியில் சிலவற்றில் கம்பி கோக்க ஒரு துளை இருக்கும். இறவாணத்து முதல் இரண்டு வரிசையையும் முகட்டுக்கு அடுத்த வரிசையையும் கம்பியால் ரீப்பரோடு கட்டிவிட்டால் ஓரத்தில் உறிஞ்சுகிற காற்றுக்கு ஓடு எளிதில் அசையாது. எங்கள் ஓடுகளில் பாதிக்குத் துளை இருந்தது. தாத்தா காலத்திலிருந்து ஒருவரும் அதில் கம்பி கோக்கவில்லை. மறுபடி வேய்ந்தபோது துளையுள்ளவற்றைப் பொறுக்கி ஓரங்களுக்கு வைத்துக்கொண்டோம், துருப்பிடிக்காத கம்பி வாங்கிக் கட்டினோம். ஒரு நாள் வேலை.

கொட்டகைமேல் தகடு இன்னும் இருக்கிறது. பழைய அச்சில் ஓடு எங்கேயாவது இடிக்கிறார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள் என்று காரைக்குடியில் ஒருவரிடம் சொல்லிவைத்திருக்கிறோம். மிஞ்சிய புது ஓடுகளும், பிரித்ததில் தேறிய பழைய ஓடு இருபதும் நெல் குதிருக்குப் பின்னால், தரையில் படாமல் சட்டத்தின்மேல் நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன. போன ஆனியில் குரங்குகள் வந்து நான்கை உடைத்தன. அன்று மாலையே மாற்றிவிட்டோம்.